ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் நின்ற வரிசை

கீழக்கரிசல் கிளை நூலகத்தின் வரிசையில் நிற்கிறவர்களுக்கு, அவர்கள் கேட்க வந்த புத்தகம் நிற்க நிற்கத் தானாகவே மனசுக்குள் இறங்க ஆரம்பித்தது ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்று சிலரும், இல்லை, அது தேர்தல் முடிந்த மறுவாரம் என்று சிலரும் சொன்னார்கள். அந்தத் தேதியைத் தவிர இந்த விஷயத்தில் ஊருக்குள் வேறு கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. முதலில் இறங்கியது பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கும் தங்கப்பழத்துக்கு. கோழி வளர்ப்பு பற்றிய ஒரு புத்தகம் கேட்க வந்தவர், ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்று, கவுண்டரை எட்டியபோது கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் முதல் குஞ்சுகளுக்கான தீவன அளவு வரை எல்லாம் தெரிந்தவராக இருந்தார். "வேண்டாம் மேடம், படிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நூலகர் எஸ்தர் ராஜாத்தி, பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'நூல் பெறவில்லை' என்று எழுதிவிட்டு, "அடுத்து" என்றார்.

ஒரு வாரத்துக்குள் அதன் விதிமுறைகளையெல்லாம் ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. புத்தகத்தின் தலைப்பை மனசில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், சும்மா நின்றால் கால்தான் வலிக்கும். தடித்த புத்தகம் என்றால் நாலைந்து நாள் வர வேண்டும், விட்ட பக்கத்திலிருந்து அது மறுபடி தொடங்கும். எழுத்துத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரிதான் இறங்கும், அதில் பாரபட்சம் கிடையாது. ரேஷன் கடையில் செய்வதுபோலச் செருப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவர், திரும்பி வந்தபோது ஏழாம் அத்தியாயம் முழுவதும் செருப்புக்கு இறங்கியிருந்தது, அவருக்கு இறங்கவில்லை. அந்தச் செருப்பு அதன்பிறகு அவரை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது என்றும், கடைசியில் அதைத் தைக்கக் கொடுத்த இடத்திலேயே விட்டுவிட்டார் என்றும் பேச்சு.

இதனால் எந்த ஊர் வரிசையிலும் நடக்காத ஒன்று அங்கே நடந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரை முன்னால் தள்ளப் பார்த்தார்கள். "நீங்க போங்க அண்ணாச்சி, எனக்கு இன்னும் முப்பது பக்கம் இருக்கு" என்று ஒருவர் சொல்ல, "எனக்கு நாப்பது இருக்கு, நீ போடே" என்று மற்றவர் சொல்ல, விட்டுக்கொடுப்பதில் ஆரம்பித்த பேச்சு சட்டையைப் பிடிப்பதில் முடிந்த நாட்களும் உண்டு. டீக்கடை சீனிப்பாண்டி, யார் எந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லக் கற்றுக்கொண்டு, சாவு வரும் அத்தியாயத்துக்குச் சற்று முன்னால் நிற்பவர்களுக்கு, கேட்காமலே சீனி கூடப் போட்டுக் கொடுத்தார். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் விடியற்காலையிலேயே வந்து பொது அறிவுப் புத்தகத்தை மனசில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசை வேப்பமரத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு நுழைவாயில் வரை நீண்டது.

பஸ் திருப்ப முடியவில்லை என்று ஓட்டுநர்கள் மனு எழுதினார்கள். மனு மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. அங்கே கிளை நூலகத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஒரு நாளைக்கு வருகை நானூறு, வழங்கிய நூல்கள் ஒன்பது என்று இருந்தது. வரிசையில் நின்று பொறுமையிழந்து, புத்தகம் வாங்காமலே மக்கள் திரும்பிப் போகிறார்கள் என்று மாவட்ட அலுவலகம் முடிவு செய்தது; அந்தப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். அதற்காகத்தான் சுடலைமணியை அனுப்பினார்கள்.

சுடலைமணி அதே ஊர்தான். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து, அந்த லேமினேஷன் உரிந்துவிடுமோ என்று பயந்து இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தான். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். கணிதத்தில் முதுகலை முடித்து, வேலைகளைக் கணக்குப் போட்டு ஒழுங்குபடுத்தும் செயலாய்வைச் சிறப்புப் பாடமாக எடுத்து, 'வரிசைக் கோட்பாடும் கிளை நூலக மேலாண்மையும்' என்ற தலைப்பில் அறுபத்தெட்டு பக்கத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதியிருந்தான். கறுப்பு அட்டையும் பொன்னெழுத்தும் போட்ட ஒரு பிரதியைச் சொந்த ஊர் நூலகத்துக்குக் கொடுத்ததும் அவன்தான். எஸ்தர் மேடம் அதற்கு எண் போட்டு, கணிதத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் அவன் போய் அதன் பின்னட்டையிலிருக்கும் தேதிச் சீட்டைத் திறந்து பார்ப்பான். ஒரு முத்திரையும் விழுந்திருக்காது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு மூடி வைப்பான்.

வேலை ஆறு மாதத்துக்குத்தான். சராசரிக் காத்திருப்பு நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து காட்டினால் நிரந்தரமாக்குவோம் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். அவன் அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்குகிறவள். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். "எங்க வீட்டுல இப்ப ரெண்டு பேரும் ஆபீஸ்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த இரண்டு ஆபீஸில் ஒன்று ஆறு மாதத்தில் இல்லாமல் போய்விடக்கூடும் என்பதை நினைத்தால் சுடலைமணிக்குச் சாப்பாடு இறங்காது.

புத்தகம் இறங்குவதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அது தொடங்கியபோது அவன் விடுதியில் இருந்தான். திரும்பி வந்தபோது வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். தவிர, அது இப்போது சொல்லும்படியான சங்கதியாகவும் இல்லை, பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது என்று யார் யாரிடம் சொல்வார்கள். அவனாக நின்று தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவன் பணியாளர் என்பதால் பின்வாசல் வழியாக வந்தான். வரிசையைப் பற்றி அறுபத்தெட்டு பக்கம் எழுதியவன் அந்த வரிசையில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதைப் பிற்பாடு அவனே பலரிடம் சொன்னான், அவர்கள் கேட்காதபோதும்.

மாடி ஜன்னலில் உட்கார்ந்து, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு, மூன்று வாரம் எண்ணினான். மணிக்கு ஐம்பது பேர் வந்து சேர்கிறார்கள். ஒருவர் மூன்று மணி நேரம் காத்திருக்கிறார். இரண்டையும் பெருக்கினால் வரிசையில் எப்போதும் நூற்றைம்பது பேர் இருக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. இறங்கிப் போய்த் தலைகளை எண்ணினான், நூற்று நாற்பத்தொன்பது. அந்த ஓர் ஆள் ஏன் குறைகிறார் என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டான். டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தவர் மறுநாள்தான் கணக்கில் வந்தார். அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம், படித்தது வீண் போகவில்லை என்ற சந்தோஷம், உண்மையிலேயே பெரியது.

கருத்துக் கேட்புப் படிவம் ஒன்றையும் அச்சடித்துக் கொடுத்தான். 'நூல் பெறாமல் திரும்புவதற்குக் காரணம்' என்ற கேள்விக்கு நேரமின்மை, பணியாளர் நடத்தை, கேட்ட நூல் இல்லை, இதர என்று நான்கு கட்டங்கள். அத்தனை பேரும் 'இதர' என்பதில்தான் குறித்தார்கள். இதர என்றால் என்னவென்று எழுத அவன் கோடு விட்டிருக்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது.

பூக்கடை தங்கப்பழம் மட்டும் படிவத்தை வைத்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

"தம்பி, இதுல நான் எதைக் குறிக்க?"

"அதை நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி. சொன்னா உங்க பதில் கெட்டுப்போகும்."

"சரி, அப்ப நான் சொல்றதையாவது கேளு."

"அதையும் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்."

தங்கப்பழம் படிவத்தை மேஜையில் வைத்துப் பேனாவை எடுத்தார். "ரொம்பப் படிச்சிருக்க" என்று சொல்லிவிட்டு, 'இதர' கட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சுடலைமணி அன்று மாலை அறிக்கையில் தெளிவான கையெழுத்தில் எழுதினான்: பொறுமையிழந்து விலகியோர், நாளொன்றுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொருவர்.

தீர்வு எளிது. பெயரையும் முகவரியையும் மூன்று பதிவேட்டில் எழுதுவதை ஒன்றாக்கினான். வாசலில் டோக்கன் வைத்தான். எஸ்தர் மேடத்தின் கவுண்டருக்குப் பக்கத்தில் இரண்டாவது கவுண்டர் போட்டான். உட்கார ஆள் தர மாட்டோம் என்று மாவட்ட அலுவலகம் சொன்னதால் அவனே உட்கார்ந்தான். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்குள் அந்த வரிசை கரைந்து போயிற்று. மூன்று மணி நேரம் ஆறு நிமிடமாயிற்று. நூற்றைம்பது பேர் ஐந்து பேரானார்கள். பஸ்கள் ஒரே திருப்பில் திரும்பின. வழங்கிய நூல்கள் இருநூற்றெழுபது. மாவட்ட அலுவலகத்திலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. நேரில் சரிபார்த்து நிரந்தர ஆணை வழங்க, அடுத்த வாரம், கூட்டம் அதிகமாகும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஆய்வாளர் வருவார் என்று அதில் இருந்தது.

ஊரில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. கையில் வைத்த புத்தகத்தை என்ன செய்வது என்று தெரியாமல், நனைந்த துணியைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்து அதே மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீனிப்பாண்டி அவனுக்குக் கொடுத்த டீயில் சீனியே இல்லை; மறந்துவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான், ஐந்து நாளும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அதுவரை ஞாயிறு அவனுக்கு விடுப்பு. இப்போது கவுண்டர் அவனுடையது என்பதால் வந்திருந்தான். தலையை நிமிர்த்தாமல் "அடுத்து, தலைப்பு சொல்லுங்க" என்றான்.

"வரிசைக் கோட்பாடும் கிளை நூலக மேலாண்மையும்."

அந்தத் தலைப்பை அவனைத் தவிர ஒரே ஒருவர் வாயிலிருந்துதான் அவன் கேட்டிருந்தான். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், அவரும் பாதியில் கொட்டாவி விட்டார். நிமிர்ந்து பார்த்தான். அம்மா நின்றுகொண்டிருந்தாள். தூங்கிப்போய்த் தவறான ஊரில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவளின் முகம்.

"எம்மா, நீ எங்க இங்க? மகளிர் குழுக் கூட்டம்னுல்லா போன."

"குழுக் கூட்டம் மூணு வாரமா நடக்கல. நீ அந்தப் புத்தகத்தைக் குடு. இல்ல, குடுக்காத, குடுத்து நான் என்ன செய்ய. அம்பத்தோராம் பக்கத்துல நிக்கேன். இப்பதான் ரெண்டு கவுண்டர் வச்சா என்ன ஆகும்னு ஆரம்பிச்ச, அரைப் பக்கம் போகல, இங்க கொண்டாந்து விட்டுட்ட."

அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தான் சுடலைமணி. எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா பக்க எண் சொல்கிறாள். "தண்ணி குடிக்கியா?" என்றான்.

"தண்ணி எதுக்கு. உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அவளுக்குப் பின்னால் நின்ற தங்கப்பழம்தான் சொன்னார், பூ விலை சொல்வதுபோல நிதானமாக, முதலிலிருந்து கடைசிவரை. அவர் முடித்ததும் சுடலைமணி பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தான்.

"மேடம், என்கிட்ட ஏன் சொல்லல?"

எஸ்தர் மேடம் தேதி முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் தம்பி. நீங்கதானே வரிசைக்குன்னே படிச்சவரு. நின்னு படிச்சதை எழுதுறதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டமும் இல்ல, இருந்தா நானே எழுதியிருப்பேன்."

முந்நூற்றுத் தொண்ணூற்றொருவர். பொறுமையிழந்தவர்கள் அல்ல, படித்து முடித்தவர்கள். அவன் அறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவை எதிரில் உட்காரவைத்து, ஐம்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து அவனே வாசித்துக் காட்டினான். இரண்டாவது பத்தி முடியும்போது அவள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

"நீ வாசிச்சா ஒண்ணும் புரியலய்யா" என்றாள், எழுப்பியதும். "அங்கன நின்னப்ப நல்லா புரிஞ்சது. அந்தக் கொக்கி மாதிரி எழுத்துகூடப் புரிஞ்சது."

"எதுக்கும்மா இதைப் போய்க் கேட்ட? எத்தனை கதைப் புத்தகம் இருக்கு."

"ஆபீஸ்ல கேக்காளுக, உன் மகன் அஞ்சு வருஷம் என்ன படிச்சான்னு. எனக்கே தெரியாது, என்னத்தைச் சொல்ல. பொய் சொல்லி அலுத்துப்போச்சு." பிறகு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நாப்பத்து மூணாம் பக்கத்துல ஒண்ணு எழுதியிருக்கியே, வர்ற ஆளுக ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாம வாராங்கன்னு வச்சுக்கிடுவோம்னு. அப்படி யாருய்யா வாரா? மூக்கம்மா வந்தாத்தான் நான் வருவேன். மருமக விட்டாத்தான் மூக்கம்மா வருவா."

"அது அனுமானம்மா. கணக்குக்காக வச்சுக்கிடுறது."

"கணக்குக்காக மூக்கம்மா மருமகளை இல்லைன்னுட்ட."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வேட்டில் அந்த வரிக்குக் கீழே மூன்று மேற்கோள் ஆதாரங்கள் கொடுத்திருந்தான். மூன்று பேரும் வெளிநாட்டுக்காரர்கள்.

கவுண்டரை மூடு என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. "விடு, உன் வேலை நிக்கட்டும். முடிவு தெரியலன்னா என்ன, சோறு இறங்காமயா போகும்" என்றாள். ஆனால் காலையில் தலை சீவும்போது கேட்டாள், "ஏய்யா, அந்த ரெண்டாவது கவுண்டர் கடைசில நல்லதா, கெட்டதா?" அவன் பதில் சொல்ல வாயெடுத்ததும், "நீ சொல்லாத. இறங்கித்தான் தெரியணும்" என்று கையை நீட்டித் தடுத்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் வியாழனும் போயின. மீதி பதினேழு பக்கம். முதல் மூன்று ஞாயிறும் மூன்று மூன்று மணி நேரம் நின்று, ஒவ்வொரு ஞாயிறும் பதினேழு பக்கம் இறக்கியிருந்தாள் என்பதால், இன்னும் ஒரே ஒரு ஞாயிறு, இன்னும் ஒரே ஒரு மூன்று மணி நேர வரிசை போதும் என்று சுடலைமணி கணக்குப் போட்டான். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று முழுக்க அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான், வேறு விடை வருமா என்று. ஆய்வாளர் வரும் நாளும் அதே ஞாயிறுதான். ஆறு நிமிட வரிசையில் நிரந்தர ஆணை இருந்தது. மூன்று மணி நேர வரிசையில் அம்மாவின் பதினேழு பக்கம் இருந்தது. ஒரே நாளில் இரண்டும் சாத்தியமில்லை என்பதை நிரூபிக்க அவனிடம் சூத்திரமே இருந்தது.

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். அந்த அறுபத்தெட்டு பக்கத்தை ஒருவர் பாதிக்கு மேல் படித்துவிட்டு, மீதிக்காக ஏங்குகிறார். உலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் படித்து முடிக்கும்வரை எழுதியவன் குறுக்கே நிற்கக் கூடாது. இதை நினைத்தபோது தனக்குக் கொஞ்சம் கர்வம் வந்ததையும், அந்தக் கர்வத்தை அம்மாவின் மேல் வைத்த பாசம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்ததையும் அவன் கவனித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் நின்று, "நாளைக்கு ஒரு கவுண்டர்தான் அண்ணாச்சி. டோக்கனும் கிடையாது. மூணு ரிஜிஸ்டரும் உண்டு" என்றான்.

சீனிப்பாண்டி அவன் கையிலிருந்த கிளாஸை வாங்கி, இரண்டு கரண்டி சீனி போட்டு, ஆற்றித் திரும்பக் கொடுத்தார். வேறு யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டிருந்தது.

அன்று கவுண்டரில் அவன்தான் உட்கார்ந்தான். ஒவ்வொருவர் பெயரையும் மூன்று பதிவேட்டிலும் எழுதினான், தலைப்பெழுத்தை விரித்து எழுதினான், முகவரியில் தெருவின் பழைய பெயரையும் புதிய பெயரையும் கேட்டு எழுதினான். பொய்யாக எதையும் செய்யவில்லை. விதிப்படி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் விதிப்படி செய்தான், அதுவே போதுமானதாக இருந்தது. வரிசையில் இறங்க ஆரம்பித்தது. யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். யாரோ ஒருவர் காரணமில்லாமல் சிரித்தார். "நீங்க முன்னால போங்க" என்று ஒரு குரல் கேட்டது, "ஏன், உனக்குக் கால் இல்லையா?" என்று இன்னொரு குரல் கேட்டது, எஸ்தர் மேடம் அலமாரிக்குப் பின்னால் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் அருணகிரி ஒன்பது மணிக்கு வந்தார். நேர்மையான மனிதர், பின்வாசலைக் காட்டியபோது, "அளக்க வந்தவன் நின்னுதான் அளக்கணும்" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது பேச்சியம்மாள். அங்கே நடந்ததை அவள் பிற்பாடு சொன்னாள்.

"சாருக்கு என்ன புத்தகம்?"

"நான் புத்தகத்துக்கு வரலம்மா. நேரம் பார்க்க வந்தேன்."

"அப்ப கால்தான் வலிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள்.

கால்தான் வலித்தது. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் கவுண்டரைத் தொட்டபோது, இடுப்பில் ஒரு கையை வைத்திருந்தார்.

"தம்பி, நீங்க அனுப்புன அறிக்கையில ஆறு நிமிஷம்னு இருக்கு."

"போன வாரம் ஆறு நிமிஷம் சார். இன்னைக்கு மூணு மணி நேரம். நான்தான் மாத்தினேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான் சார்."

"ஏன்?"

சுடலைமணிக்கு அத்தனையும் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவரோ எந்தத் தலைப்பையும் மனசில் வைக்காமல் மூன்று மணி நேரம் நின்றவர்; அவருக்கு எதைச் சொல்லி எப்படி இறக்குவது. "இதர காரணம் சார்" என்றான். அருணகிரி தன் நோட்டில் 'பரிந்துரைக்க இயலாது' என்று எழுதி, அதை அவனுக்கும் காட்டி, பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த ஆணையைத் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. சுடலைமணி எழுந்து அதைச் சரிசெய்து கொடுத்தான். அந்த மாதிரி விஷயங்களில் அவன் கை நன்றாக ஓடும்.

அடுத்து அம்மா.

அவள் இரண்டு கைகளையும் கவுண்டர் மேல் வைத்துக்கொண்டு, ஆபீஸில் ஒரு மரச்சட்டம் நிறையக் குச்சி அடுக்கி முடித்தவள் நிமிர்வதுபோல நிமிர்ந்தாள். "முடிஞ்சது" என்றாள்.

வாய்மொழித் தேர்வில் அவன் இவ்வளவு பயந்ததில்லை. வேலை போனது அவனுக்கு இன்னும் உறைக்கவே இல்லை. பேனாவின் மூடியைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். "எப்படிம்மா இருந்துச்சு?"

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "ஆபீஸ்ல இனி நான் சொல்லிக்கிடுவேன், என் மகன் இன்னது படிச்சான்னு. ஆனா ஒண்ணுய்யா. இத்தனை பேரு வாராங்க, நிக்காங்க, போறாங்க. அறுபத்தெட்டு பக்கத்துல ஒருத்திகூட வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசல. ஒருத்திக்குப் பேரு இல்ல. நின்னவளுக்குக் கால் வலிச்சுதான்னுகூட நீ எழுதல."

"அது ஆய்வேடும்மா. அதுல அப்படியெல்லாம் எழுதக் கூடாது."

"சரி. வேற என்ன எழுதியிருக்க?"

"வேற ஒண்ணும் எழுதல."

"அப்ப எழுது. இனிமே உனக்கு நேரம் இருக்குல்லா. நான் பின்னால போய் நிக்கேன்."

"இல்லாத புத்தகத்துக்கு எப்படிம்மா நிப்ப?"

"இங்க வர்றதுக்கு மூணு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எழுத மாட்டியா? தலைப்பை மட்டும் சொல்லு, தலைப்பு இல்லாம இறங்காது."

அவன் வாயில் வந்த ஒரு தலைப்பைச் சொன்னான். மறந்துவிடாமல் இருக்க அவள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டு, வெயிலில் இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, வரிசையின் கடைசிக்கு நடந்தாள். அவளுக்கு முன்னால் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். கவுண்டரிலிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள்.

"எந்திரிங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று எஸ்தர் மேடம் அந்த நாற்காலியை வாங்கிக்கொண்டார். சுடலைமணி பத்திரிகை மேஜைக்குப் போய், தன் அறிக்கையின் மிச்சப் பிரதியைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தைக் கையால் தடவி நேராக்கினான். முதல் வாக்கியத்தை மனசுக்குள் நாலு முறை மாற்றினான். பிறகு எழுதினான்: ஐம்பத்தெட்டு வயதான ஒரு பெண் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே வரிசையின் வால்பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து, ஒருவர் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டுச் சொல்ல, அவர் தனக்கு முன்னால் நிற்பவரிடம் சொல்ல, டீக்கடையைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, வாசற்படி ஏறி, தங்கப்பழத்திடம் வந்து சேர்ந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்க அம்மா சொல்லச் சொன்னாங்களாம். அம்பத்தெட்டு இல்லையாம், அம்பத்தாறாம்."

சுடலைமணி எட்டை அடித்துவிட்டு ஆறு என்று திருத்தினான்.